பெட்டியில் ஏறாத தண்ணிக்குழம்பு

அரிமளத்தில் ஒருவர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ புறப்படுகிறார் என்றால், முந்தின நாள் இரவு கூடத்தில் பெட்டி கட்டுவதைப் பார்க்க வேண்டும். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ரசப்பொடி, வீட்டில் காயவைத்து மில்லில் திரித்த மிளகாய்த்தூள், கொட்டை நீக்கிய புளி, மோர்மிளகாய், சுண்டை வத்தல், கூழ்வடகம், நல்லெண்ணெயில் மூழ்கிய மாங்காய் ஊறுகாய், தேன்குழல், கைமுறுக்கு, மாவுருண்டை. கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ வாங்கிய கருவாடு உறைமேல் உறையாகச் சுற்றப்பட்டுக் கைலிகளுக்கு நடுவே கிடக்கும். எடை கூடிப்போனால் சட்டைகளை எடுத்து வெளியே வைப்பார்கள். ஊறுகாயை எடுக்க மாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே ஆள் தொலைபேசியில் பேசும்போது கேட்பது இவற்றில் எதையும் அல்ல. "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பார். வெண்டைக்காய் மண்டி என்றோ தண்ணிக்குழம்பு என்றோ பதில் வந்தால் அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சு நிற்கும். பழைய சோறும் சின்ன வெங்காயமும், நீர்மோர், கீரை மசியல், காய்ச்சலில் கிடந்தபோது அம்மா வைத்துக் கொடுத்த மிளகு ரசம், தட்டிலிருந்து எடுத்த முதல் ஈடு இட்லி. இவற்றில் ஒன்றுகூடப் பெட்டியில் ஏறாது. பெட்டியில் போவது ஒன்று, நாக்கு தேடுவது வேறொன்று. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களின் உணவு ஏக்கத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த இடைவெளியில்தான் நான் வந்து நிற்கிறேன்.

இதற்கு ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது. பெட்டியில் ஏற வேண்டுமானால் ஒரு பண்டம் ஈரத்தை இழந்திருக்க வேண்டும். பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்வதற்கு நீர் தேவை. சித்திரை வெயில் வத்தலின் நீரை உறிஞ்சுகிறது. உப்பு, ஊறுகாயில் மிஞ்சிய நீரை நுண்ணுயிர்களுக்குக் கிடைக்காமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றை மறிக்கிறது. எள்ளில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்காமல் காப்பதால்தான் நம் பக்கத்து ஊறுகாய்க்கு அந்த எண்ணெய். வறுத்துப் பொடிப்பதும் ஈரத்தைப் போக்கும் வேலைதான். நம் பெண்கள் பல தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் கண்டுவைத்த அறிவு இது. ஆனால் ஏங்கப்படுகிறவற்றைப் பாருங்கள்: மண்டி அரிசி களைந்த நீரில் கொதிப்பது, தண்ணிக்குழம்பின் பெயரிலேயே தண்ணீர், பழைய சோறு நீரில் ஊறிப் புளித்தது, ரசம், கஞ்சி, மோர் எல்லாமே அப்படித்தான். காய்ந்தவை கடல் தாண்டிவிட்டன. ஈரமானவை வீட்டோடு நின்றுவிட்டன.

இந்தச் சிக்கலை அரிமளம் இன்று நேற்று சந்திக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று நகரத்தார் வட்டித் தொழில் செய்யப் போனதை 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். போகிறவருக்கு வழக்கமான தவணை 3 ஆண்டு. மனைவி மக்களை அழைத்துப் போகும் பழக்கம் வெகுகாலம் இல்லை. பெட்டியடிப் பையனாகப் போகிறவன் பால் மணம் மாறாத சிறுவனாக இருப்பான். கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாகி, தவணை முடிந்து ஊர் வந்து, மறுபடி கப்பல் ஏறுவான். 1926இல் ஓடத் தொடங்கி 1973 வரை நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சென்றுவந்த ரஜூலா கப்பலை அறியாத பழைய குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு.

சோற்றுக்கு என்ன செய்தார்கள்? கிட்டங்கி என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். ரங்கூன் மொகல் தெருவிலும், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும், பினாங்கிலும் நீண்ட கூடங்கள். ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், ஒரு மேசைப்பெட்டி, ஒரு பாய், ஓர் அலமாரி. பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. பின்கட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையல்கட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த சமையற்காரர், ஒரே பந்தி. குழம்பைக் கொண்டுபோக முடியாது என்று தெரிந்துகொண்டவர்கள் குழம்பு வைக்கும் கையைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலும் இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கம். தைப்பூசத்தன்று அங்கே நடக்கும் அன்னதானத்தில் வரிசையில் நின்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது வெறும் பிரசாதம் இல்லை என்று.

கிட்டங்கிச் சோறு நன்றாகவே இருந்திருக்கும். இருந்தும் ஏக்கம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. இந்தோனேசியாவின் மேடானில் வட்டிக்கடை வாழ்க்கையை நேரில் கண்ட ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய நாவல்களைப் படிக்கிறவர்கள் அந்த ஆண்களின் பேச்சு எத்தனை முறை ஊர்த்தெருவுக்கே திரும்பி ஓடுகிறது என்பதைக் காணலாம். இலையில் விழுவது வீட்டுச் சமையல் மாதிரி இருக்கலாம். பரிமாறும் கை வேறு. கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றுகிற கைக்குப் பதில் அங்கே எல்லாருக்கும் அளவோடு ஊற்றும் கை இருந்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஏக்கம் ஓடியிருக்கிறது. அதைச் சொல்லாமல் செட்டிநாட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. பர்மாவுக்குப் போனவர்கள் அங்கே பழகிய கறுப்புப் பசையரிசியை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கவுனி என்ற சொல்லே பர்மியப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். இன்று கவுனி அரிசி இல்லாமல் செட்டிநாட்டுக் கல்யாண விருந்து இல்லை. ரவையில் செய்யும் இனிப்புக்கு ரங்கூன் புட்டு என்று பெயர். கோழிக் குழம்பில் போடும் அன்னாசிப்பூ தென்சீனத்து, வியட்நாமிய மரத்தின் காய். மிளகாயையே போர்ச்சுகீசியர்தான் கொண்டுவந்தார்கள். ரசத்துக்கு உயிர் என்று நாம் சொல்லும் பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. இந்திய மண்ணில் அந்தச் செடியை நட்டுப் பயிரிடும் முயற்சி இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் தொடங்கியது. நாம் 'ஊர் ருசி' என்று நெஞ்சு நனைகிற ருசிக்குள் பல ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் அது நம்முடையது இல்லை என்றாகிவிடாது. நூறாண்டு ஒரு வீட்டில் கொதித்தது அந்த வீட்டினுடையதுதான்.

1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய 5 லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கணிசமானோர் காட்டுவழியே நடந்தார்கள், வழியில் மாண்டவர்கள் ஏராளம். மிஞ்சியிருந்தவர்களையும் திரும்பப் போனவர்களையும் 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசின் நாட்டுடைமைச் சட்டங்கள் வெளியேற்றின. தமிழ்நாட்டில் வந்து இறங்கிய அந்தக் குடும்பங்கள் தங்கள் தாய்மண்ணில் இருந்துகொண்டே பர்மாச் சாப்பாட்டுக்கு ஏங்கின. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் விற்கும் அத்தோ அந்த ஏக்கத்தில் பிறந்தது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மேலே நொறுக்கிய பேஜோ, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சூப். தமிழர் கையில் அது இன்னும் கொஞ்சம் புளித்தது, இன்னும் கொஞ்சம் காரம் ஏறியது. சிலர் தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல் பர்மாவுக்கே திரும்பப் புறப்பட்டு, எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர் கோயில் இருக்கிறது, இட்லி தோசை கிடைக்கிறது. 'வீடு' எது என்று நாக்கிடம் கேட்டால் அது வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை.

வெள்ளைக்காரர்களுக்கும் இது நேர்ந்தது. சென்னையில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் மிளகுத்தண்ணியை மறக்க முடியாமல், அதில் கறியைப் போட்டு 'முல்லிகடானி' என்ற சூப்பாக்கிக் குடித்தார்கள். லண்டனில் 1926இல் தொடங்கிய வீராசாமி உணவகத்தின் தொடக்கக்கால வாடிக்கையாளர்களில் இந்தியாவில் காலம் கழித்துத் திரும்பிய ஆங்கிலேயர் நிறையப் பேர்.

தனியாள் ஒருவரின் கதையாகப் பார்க்க வேண்டுமானால் கணித மேதை ராமானுஜனைப் பார்க்க வேண்டும். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறியவர் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி அறையில் தானே பொங்கித் தின்றார். சைவ உணவு விரதம், உலகப்போர், பண்டத் தட்டுப்பாடு. கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் பார்சலில் அனுப்பும்படி ஊர் நண்பருக்கு எழுதினார். எண்களின் ஆழத்தைக் கண்ட மனிதர் அயல்நாட்டிலிருந்து கேட்டது ஒரு பொட்டலம் புளி. ஒருமுறை தன் அறைக்கு நண்பர்களை விருந்துக்கு அழைத்து ரசம் பரிமாறினார். இரண்டாம் முறை ஊற்றியதைக் குடித்தார்கள். மூன்றாம் முறை வேண்டாம் என்றதும் ராமானுஜன் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார். தேடியும் கிடைக்கவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தபோதுதான் அவர் எங்கே போனார் என்று தெரிந்தது. இதை ஒரு மேதையின் கிறுக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீட்டில் ரசத்தை வேண்டாம் என்பது ரசத்தை மட்டும் வேண்டாம் என்பது ஆகாது. ஊரிலிருந்து வந்த புளியில், தன் கையால், இருந்த ஒரே ஒரு வீட்டு நினைவைக் கரைத்து ஊற்றியவருக்கு அந்த மறுப்பு எப்படி இருந்திருக்கும்? 1917இல் அவர் நோயில் விழுந்து சானடோரியம் சேர்ந்தபின் அங்கே மருத்துவத்தைவிடச் சாப்பாடுதான் பெரிய சண்டையாக இருந்தது. 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரலில் இறந்தார். உணவு ஏக்கத்தைச் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த 5 ஆண்டுகளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

அறிவியல் என்ன சொல்கிறது? ஊர் ஏக்கத்தை ஒரு நோயாக முதலில் விவரித்தவர் சுவிட்சர்லாந்தின் யோஹானஸ் ஹோஃபர். 1688இல் எழுதிய ஆய்வேட்டில் அவர் சொல்லும் நோயாளிகளில் ஒருத்தி கிராமத்துப் பெண். மருத்துவமனையில் கொடுத்த உணவையும் மருந்தையும் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் தேறினாள். அந்த ஏக்கத்தை வாசனை ஏன் இத்தனை எளிதில் கிளப்புகிறது? மூக்கு தரும் செய்தி மூளையில் போகும் வழியும் மற்றப் புலன்களின் வழியும் ஒன்றல்ல. வாசனை, உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு மிகக் குறுகிய பாதையில் சென்று சேர்கிறது. தாளித்த கறிவேப்பிலை வாசம் பட்டதும், யோசிக்கும் முன்பே கண் கலங்குவதற்கு இது ஒரு காரணம். பழக்கமோ அதற்கும் முன்னே தொடங்குகிறது. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தாய் கர்ப்பக் காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்திருந்தால், பிள்ளை பின்னால் கேரட் சுவையுள்ள உணவை அதிகம் முகம் சுளிக்காமல் ஏற்றது. நம் பிள்ளைகள் சீரகத்தையும் பூண்டையும் பிறக்கும் முன்பே அறிகிறார்கள். மிளகாயின் காரம் சுவை அல்ல, சூட்டை உணரும் நரம்பைத் தொடும் எரிச்சல். அந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த எரிச்சலுக்குப் பழகிய நாக்குக்கு அது இல்லாத சோறு பாதிச் சோறுதான்.

ஆறுதல் உணவு உண்மையிலேயே ஆறுதல் தருகிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஜோர்டன் டிராய்சியும் ஷிரா கேப்ரியலும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, கோழிச் சூப் போன்ற உணவு நெருங்கிய உறவுகளை மனத்தில் எழுப்புகிறது, தனிமையைக் குறைக்கிறது என்றது. உறவில் பாதுகாப்பாக உணர்பவர்களிடம்தான் இந்த விளைவு தெளிவாகத் தெரிந்தது. மினசோட்டாவின் டிராசி மான் குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனையில், மனம் வாடவைக்கும் படக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தாலும், வேறு உணவைக் கொடுத்தாலும், எதுவுமே கொடுக்காவிட்டாலும் மனநிலை ஏறக்குறைய ஒரே அளவில் தேறியது. இரண்டாவது ஆய்வை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அது சோதித்தது சில நிமிட வாட்டத்தை. நினைத்தால் கடைக்குப் போய் வாங்கக்கூடிய உணவை. 2 ஆண்டு ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட்டைக் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் படுக்கைமேல் படுக்கையில் கிடப்பவனின் ஏக்கத்தை அந்த அளவுகோலால் அளக்க முடியாது. முதல் ஆய்வு சொல்வதுதான் நம் அனுபவத்தோடு ஒட்டுகிறது. உணவு ஒரு முகத்தை எழுப்புகிறது. எழுப்ப ஒரு முகம் இருக்க வேண்டும்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். இப்போது அரிமளத்திலிருந்து போகிறவர்கள் எல்லாச் சமூகத்தாரும். புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கும் திருச்சி விமான நிலையத்திலிருந்து ஓர் இரவில் சிங்கப்பூர் போய்விடலாம். அங்கே ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறது. வளைகுடாவில் சரவண பவன் 2000இல் துபாயில் கடை திறந்தது. ஆனால் கடை விற்பது தோசை, பிரியாணி, புரோட்டா, 'செட்டிநாடு' என்று பெயர் ஒட்டிய எண்ணெய் மிதக்கும் கோழி. மண்டியைக் கடையில் காண்பது அரிது, விற்றால் ஓடாது. கட்டடத் தொழிலாளிக்கோ அந்தக் கடையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். மற்ற நாள்களில் பொட்டலம்தான். காலைச் சாப்பாட்டோடு மதியச் சாப்பாடும் விடியும் முன்னே வந்து இறங்கும். வேலை நடக்கும் இடத்தில் வெயிலில் கிடந்து, திறக்கும்போது சில நாள் நாற்றமடிக்கும். 2020 ஏப்ரலில் கொரோனா பரவி சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டபோது, சொந்தமாகச் சமைத்துக்கொண்டிருந்தவர்களும் வாரக்கணக்கில் பொட்டலத்துக்கு மாற வேண்டியதாயிற்று. நோய்ப் பயத்தின் நடுவிலும் அவர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று சோறு.

வாசனைக்கும் சட்டத்துக்கும் இடையே வேறு சண்டைகள். சிங்கப்பூரில் ஓர் இந்தியக் குடும்பம் கறி சமைக்கும் வாசம் பிடிக்கவில்லை என்று சீனாவிலிருந்து புதிதாக வந்த அண்டைவீட்டார் முறையிட்டார்கள். அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று சமரசம் ஆனது. அந்தச் செய்தி 2011இல் வெளிவந்ததும் ஊரே கொதித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லாரும் கறி சமைத்துப் பகிர்வோம் என்ற அழைப்பில் இணையத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். சீனரும் மலாய்க்காரரும் தத்தம் வீட்டில் கறி வைத்தார்கள். ஒரு சிறுபான்மையின் குழம்பு வாசத்துக்காக ஒரு நகரம் எழுந்து நின்ற அந்த நாளை நான் மிகுந்த மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். கசகசா விஷயம் நேர்மாறானது. நம் குருமாவுக்கு அது கைப்பிடி அளவு சாமான். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், ஏனென்றால் அபினிச் செடியின் விதை. அம்மா அன்போடு மடித்து வைத்த சின்னப் பொட்டலம் மகனைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும். முந்திரி போட்டு அரையுங்கள், கசகசாவைப் பெட்டியில் வைக்காதீர்கள். கொப்பரையும் வேண்டாம், எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் அதற்குத் தடை.

குடும்பத்தோடு போனவர்களின் கதை வேறு. 1983க்குப் பின் கனடாவின் ஸ்கார்பரோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸின் லா ஷாப்பேலுக்கும் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர், அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊரையே பெயர்த்துச் சென்றார்கள். பனிக்காலத்தில் ஒடியல் கூழ் காய்ச்சிச் சுற்றி அமர்ந்து குடிக்கிறார்கள். இடியாப்பமும் சொதியும் கடையில் கிடைக்கிறது, வீட்டிலும் நடக்கிறது. இட்லி மாவு குளிரில் பொங்காது என்பதால் விளக்கை மட்டும் எரியவிட்டு ஓவனுக்குள் வைப்பதை அங்குள்ள தமிழ் வீடுகள் எல்லாம் கற்றுவிட்டன. அவர்களுடைய துக்கம் மிகப் பெரியது, திரும்பிப் போக ஊர் இல்லாத துக்கம். ஆனால் அடுப்பு கூடவே போயிருக்கிறது. மொரீஷியஸில் இதன் கடைசிக் கட்டத்தைப் பார்க்கலாம். தமிழர் பெருமளவில் அங்கே போகத் தொடங்கி ஏறத்தாழ 2 நூற்றாண்டாகிறது. தமிழ் பேசத் தெரியாத தமிழர்கள், காவடி முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள். ரசத்தை 'ரசோன்' என்கிறார்கள். மொழி போனபின்னும் ரசம் நிற்கிறது.

அப்படியானால் அரிமளத்து மகன் ஏன் தண்ணிக்குழம்புக்கு அழ வேண்டும்? புளி, பருப்பு, மிளகாய்த்தூள், ஒரு காய். எல்லாம் அங்கேயும் கிடைக்கிறது, இருபது நிமிட வேலை. அவனுக்கு வைக்கத் தெரியாது. காரணம் அவ்வளவுதான். எத்தனையோ கட்டுரைகளில் ஏக்கத்தின் அழகைப் பற்றிப் படித்திருக்கிறேன். இந்த எளிய உண்மையை அவை தாண்டிப் போய்விடுகின்றன. பையனைச் சமையல்கட்டுக்குள் விடாமல் வளர்த்துவிட்டு, பத்தொன்பது இருபது வயதில் கடல் தாண்டி அனுப்புகிறோம். கிட்டங்கிக் காலத்தில் கூடவே ஒரு சமையற்காரர் போனார். இன்று அவரும் இல்லை. மிஞ்சியது பெட்டி.

அந்தப் பெட்டியை நிரப்பும் உழைப்பை யாரும் கணக்கெழுதியதில்லை. பங்குனி முடிந்தால் மொட்டைமாடியில் வேட்டி விரித்து வடகம் பிழிந்து, காக்கைக்குக் காவலிருந்து, உரலும் அம்மியும் போன பிறகும் மில் வாசலில் காத்திருந்து, புறப்படும் நாளின் முந்தைய இரவில் முறுக்குச் சுற்றும் விரல்கள் யாருடையவை என்று எல்லாருக்கும் தெரியும். வட்டிக்குப் போன ஆண்களின் வரவு செலவு பேரேடுகளில் கிடக்கிறது. 3 ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் கணவனுக்காக ஆத்தாமார் போட்ட ஊறுகாய்க்குப் பேரேடு இல்லை. அவர்களுக்கும் ஓர் ஏக்கம் இருந்தது. பெரிய வீட்டின் பின்கட்டில், ஆள் இல்லாத பந்திக்குச் சமைக்கும் ஏக்கம். "அவுகளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பலகாரத்தைச் செய்யாமலே விட்ட அப்பத்தாக்களை இந்த ஊர்ப்பக்கம் பலரும் கண்டிருப்பார்கள்.

திரும்பி வருகிறவனின் ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2 ஆண்டு கனவு கண்ட அதே குழம்பை முதல் நாள் உண்ணும்போது சிலருக்கு ஏதோ குறைகிறது. அரிசி ரகம் மாறியிருக்கும், விறகடுப்பு போய்க் கேஸ் வந்திருக்கும், அம்மாவுக்கு வயதாகி உப்புக் கை தவறியிருக்கும், அவன் நாக்கும் மாறியிருக்கும். தான் கேட்டது குழம்பை மட்டும் அல்ல, அதைத் தின்ற வயதையும்தான் என்று அப்போது தெரியும். இதற்கு மருந்து கிடையாது. ஆனால் சமைக்கத் தெரியாமைக்கு உண்டு.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்ததிலிருந்து விசா வருவதற்குள் எப்படியும் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் பையனை அடுப்படியில் நிறுத்துங்கள். சோறு வடிக்க, ரசம் வைக்க, தண்ணிக்குழம்பு கூட்ட, மாவின் பதம் பார்க்க, முந்தின நாள் சோற்றில் எவ்வளவு நீர் ஊற்றி வைப்பது என்று அறியக் கற்றுக்கொடுங்கள். அளவைக் கையால் காட்டாதீர்கள், கரண்டியால் சொல்லுங்கள், அவன் எழுதிக்கொள்ளட்டும். முதல் பத்து முறை கெட்டுப்போகும், போகட்டும். தவணை முடிந்து அவன் ஊர் வரும்போது, முதல் நாள் குழம்பை அவனே வைத்து உங்களுக்குப் பரிமாறச் சொல்லுங்கள். அவன் மூன்றாம் முறை ஊற்ற வரும்போது வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.